மண்டபத்தில் 60 பேர் படகு: பேட்டரியா, டீசலா?

பாம்பன்_படகு:
மண்டபம் தென்கடல் பக்கம் தீவுக்கு ஆள் ஏற்றிப் போய்வர 60 பேர் உட்காரும் படகுக்கு டிசைன் போடுகிறேன். போக 5 கிலோமீட்டர், வர 5, ஒரு நாளைக்கு நாலு நடை. பார்ட்டி "புகையே வரக்கூடாது, கொச்சியில் பேட்டரி படகு ஓடுதே, அது மாதிரி போடுங்க" என்கிறார். எனக்குக் கைவந்தது டீசல்தான். பேட்டரியா, பேட்டரியும் டீசலும் சேர்ந்த ஹைபிரிடா, கேஸ் இன்ஜினா?

கொச்சி_யார்டு:
முதலில் வேகத்தைச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 6 நாட் (மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்) ஓட 20 கிலோவாட் போதும் என்று வைத்தால் 8 நாட்டுக்கு ஏறக்குறைய 47 வேண்டும். உங்கள் 40 கிலோமீட்டருக்கு 6 நாட்டில் சுமார் 72 யூனிட், 8 நாட்டில் 127. வைக்கத்தில் 2017 முதல் ஓடும் சோலார் படகு ஆதித்யா 75 பேரை ஏற்றுகிறது, அதில் 20 கிலோவாட் மோட்டார் இரண்டுதான். ஆனால் மெலிந்த இரட்டை உடல், மெதுவான ஓட்டம், காயல் தண்ணீர். கேஸை விடுங்கள், இன்ஜினில் எரியாமல் தப்பும் மீத்தேனே கரியமிலவாயுவை விட மோசம், ஜெட்டியில் நிரப்ப இடமும் இல்லை.

தொண்டி_லாஞ்சு:
காயலையும் தென்கடலையும் ஒன்றாக்காதீங்க தம்பி. சோழகக் காற்று, அதான் தென்காற்று, தூக்கினால் எதிர்காற்றில் அதே 5 கிலோமீட்டருக்கு ஒன்றரை மடங்கு இழுக்கும். ஒரு லிட்டர் டீசல் தரும் வேலைக்கு 30 கிலோ பேட்டரி சுமக்கணும், அந்தக் கனம் படகை அமுக்கும், அடியில் பவளப்பாறையும் கடல்புல்லும் இருக்கிற இடத்தில் அரையடி அமுங்கினாலே தப்பு. நான் சின்ன டீசல் ஜெனரேட்டர் ஒன்று வைத்துத்தான் கட்டுவேன், யார் என்ன சொன்னாலும்.

கரிக்கணக்கு:
கரன்ட் படகு என்றால் புகை வேறெங்கோ வருகிறது, அவ்வளவுதானே? நம்ம கிரிட்டில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமிலவாயு. 72 யூனிட்டோடு சார்ஜ் நஷ்டமும் சேர்த்தால் 60 கிலோ. டீசல் 21 லிட்டருக்கு 56 கிலோ. ஆக ஒன்றுதான்!

கொச்சி_யார்டு:
கணக்கு சரி, அதனால்தான் ஜெட்டி ஷெட் கூரையில் 20 கிலோவாட் பேனல் போடணும். வெயில் அடிக்கிற நாளில் 80 யூனிட் வரும், உங்கள் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் அதுவே போதும். டீசல் வாடையும் இரைச்சலும் எண்ணெய்ச் சொட்டும் தீவுப் பக்கம் இல்லாதது தனி. நார்வேயில் 2015இல் வந்த ஆம்பியர் படகுக்கு ஊர் லைன் தாங்காது என்று இரு கரையிலும் பேட்டரி வைத்தார்கள், அதே வழி. பிளக்கைக் கவனியுங்கள், உப்புக்காற்றில் ஒரு ஜெட்டியில் போட்ட பாயின்ட் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

பாம்பன்_படகு:
சரி, 6 நாட், இரட்டை உடல், 120 யூனிட் பேட்டரி, ஒரு சின்ன ஜெனரேட்டர். பார்ட்டியிடம் "சோழகத்தில் கொஞ்சம் புகை வரும்" என்று நானே சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கு ஜெட்டிக்குப் போய் கூரையை அளக்கணும்.