ஈவ் ஆன்லைன்: எந்த இனம், எந்த ஆட்ரிபியூட்?

கேள்வி (ஏற்காடு):
அண்ணா, ஈவ் ஆன்லைன்ங்கிற விண்வெளிக் கப்பல் கேம்ல புது கேரக்டர் போடுறேன். அமார், கால்டாரி, கேலண்டே, மின்மட்டார், இந்த நாலு இனத்துல எது? தப்பா எடுத்தா மாட்டிக்குவேனா? இங்க மழை வந்தாலே நெட் போயிடும்.

பதில் 1:
மாட்டிக்க மாட்டீங்க தம்பி. இனம் முடிவு பண்றது தொடக்க இடம், முதல் கப்பல், ஆரம்ப ஸ்கில், அவ்வளவுதான். மத்த இனத்துக் கப்பலையும் அப்புறம் பழகலாம். அமார் லேசரும் ஆர்மரும் (கப்பலோட கவசத் தகடு), கால்டாரி ஏவுகணையும் ஷீல்டும் (கப்பலைச் சுத்தி இருக்கிற சக்திக் கவசம்), கேலண்டே ட்ரோன், மின்மட்டார் வேகம்.

பதில் 2:
இனத்தை விட ஆட்ரிபியூட்லதான் (ஸ்கில் பழகுற வேகத்தை முடிவு பண்ற அஞ்சு குணம்) நிறைய பேர் கோட்டை விடுறாங்க. எல்லாருக்கும் தொடக்கம் ஒண்ணுதான்: கரிஸ்மா 19, மத்த நாலும் 20. ஒரு ஸ்கில்லுக்கு நிமிஷத்துக்கு ஏறும் பாயிண்ட் = அதோட முதன்மை ஆட்ரிபியூட் + துணை ஆட்ரிபியூட்ல பாதி. அதாவது 20 + 10 = 30. ரீமேப்ல (ஆட்ரிபியூட் பாயிண்ட்டை மாத்திப் பிரிக்கிறது) பெர்செப்ஷன் 27, வில்பவர் 21 வெச்சா துப்பாக்கி, ஏவுகணை, கப்பல் ஸ்கில்லுக்கு 37.5. ஆனா இன்டெலிஜென்ஸ், மெமரி 17க்கு இறங்கிடும். அந்த ரெண்டையும் நம்பியிருக்கிற ஷீல்டு, ஆர்மர், இன்ஜினியரிங் ஸ்கில் 25.5லதான் நகரும். புதுசா வர்றவங்களுக்கு முதல்ல வேணும்கிறதே அதுங்கதான்! அதனால இப்போ ரீமேப்பைத் தொடாதீங்க.

பதில் 3:
நெட் விஷயத்துக்கு என் ஓட்டு கால்டாரி. லைன் கட்டானா கப்பல் தானா வார்ப் ஆகும் (அதிவேகமா அங்கிருந்து தப்பிச்சுப் போகும்), ஆனா கேலண்டே மாதிரி ட்ரோனை வெளியே விட்டிருந்தா அது அங்கேயே நின்னுடும். எதிரி வார்ப் ஸ்கிராம்பிளர் (வார்ப்பைத் தடுக்கிற கருவி) போட்டிருந்தா கப்பலும் வார்ப் ஆகாது, அவனை முதல்ல அடிங்க. சாயங்காலம் 4:30க்கு தினமும் சர்வர் நிக்கும், அது உங்க நெட் கோளாறு இல்ல.