கடலோர நகர விடுமுறை: அம்மாவுக்கும் மகளுக்கும் ஏற்ற இடங்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அம்மா, மகளுடன் ஒரு கடலோர நகரத்துக்கு விடுமுறைக்குப் போகிறோம். கடல் உள்வாங்கும்போது பாறைக் குழிகளில் தங்கும் நண்டுகளையும் நட்சத்திர மீன்களையும் பார்க்க மகளுக்குக் கொள்ளை ஆசை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகமாக உள்வாங்கும் என்பதால் அதற்கேற்ப நாள் பார்த்திருக்கிறேன். நீர் முழுக்க வற்றுவதற்கு எவ்வளவு நேரம் முன்பே போவது நல்லது? வழுக்குப் பாறையில் நடக்க எந்த மாதிரி செருப்பு சரிப்படும்?

அப்புறம், அம்மாவுக்கு முட்டிவலி. கலங்கரை விளக்கப் படிகள் அவரால் முடியாது. படகுகள் கரை திரும்பும் விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகம், வெயில் நேரத்தில் அருங்காட்சியகம் என்று யோசிக்கிறேன். உட்கார்ந்தே ரசிக்க வேறென்ன இருக்கும்? குளியல் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும்தான். வயதானவர்களோடு போய் வந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.