எங்கள் கேமின் மூன்று காம்பெய்னையும் தனித்தனியாக விற்கலாமா? வாங்குபவர்களிடம் கேட்கிறேன்

சுங்கைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக ஒரு முடிவுக்கு வரமுடியாமல் இழுபறியில் இருக்கிறோம். அதனால்தான் இந்தக் கேள்வி.

நாங்கள் மூன்று பேர். பகலில் ஆளுக்கொரு வேலை, இரவு ஒன்பது மணிக்கு மேல் சிங்கப்பூர் ஈசூனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேம் செய்கிறோம். சில வருடங்களுக்கு முன் சின்னதாக ஒரு வியூக கேம் வெளியிட்டோம். இப்போது அதன் இரண்டாம் பாகம். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் மீது பாய்ந்ததே, அதுதான் களம். மூன்று தரப்பு: சோழர், ஸ்ரீவிஜயம், அப்புறம் சிங்கப்பூரை ஒட்டிய இந்த நீரிணையில் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்த ஓராங் லாவுட் எனும் கடல்மக்கள். சோழர் காம்பெய்னில், அதாவது அவர்கள் பக்கமிருந்து ஆடும் கதைப் பகுதியில், 14 மிஷன் முடிந்து, சோதித்தும் பார்த்தாகிவிட்டது. ஸ்ரீவிஜயம் பாதியில் நிற்கிறது. கடல்மக்கள் பகுதியில் மூன்று மிஷன்தான் விளையாடும் நிலையில் இருக்கின்றன.

புரோகிராம் எழுதும் நண்பர் சொல்வது இது: சோழர் பாகத்தை இப்போதே 12 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்போம், அந்தப் பணத்தில் மற்ற இரண்டையும் முடித்துத் தலா 12 வெள்ளிக்குத் தருவோம். அவர் கணக்கில் தப்பில்லை. கையிருப்பு வருடக் கடைசி வரைதான் தாங்கும். மூன்றையும் முடித்து ஒரே பெட்டியாக 30 வெள்ளிக்குத் தருவதென்றால் இன்னும் இரண்டு வருடம் ஆகும்.

என் மனசு ஒப்பாததற்குக் காரணம் வேறு. சோழர் பாகத்தின் ஒன்பதாவது மிஷனில், ஆற்று முகத்துவாரத்தில் நம் கப்பல்கள் நிற்கும். தண்ணீர் வடிந்ததும் பெரிய கப்பல்களின் அடி சேற்றில் தட்டும். அந்த நேரம் பார்த்துச் சதுப்பு மரங்களுக்கு நடுவிலிருந்து சின்னச் சின்னப் படகுகள் வந்து தாக்கிவிட்டு ஓடிவிடும். சோழர் பக்கமிருந்து பார்த்தால் அவை வரைபடத்தில் மினுங்கும் சிவப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். அதே முகத்துவாரம் கடல்மக்கள் காம்பெய்னிலும் வரும். அங்கே ஒவ்வொரு படகிலும் ஒரு குடும்பம். அடுப்பு, பாய், குழந்தை எல்லாம் அதற்குள்தான். ஓதம் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று கணக்குப் பார்த்துத்தான் நகர முடியும். எங்கள் ஓவியரின் பாட்டனார் நம் தென் தீவுகளில் ஒன்றில் பிறந்தவர். அந்தப் படகுகளை அவர் எட்டு முறை அழித்து அழித்து வரைந்தார்.

போன சனிக்கிழமை என் அக்கா மகன் வந்து சோழர் பாகத்தை விளையாடினான். பதினான்கு வயது. ஒன்பதாவது மிஷனை முடித்துவிட்டு, "மாமா, இந்தப் படகுக்காரங்க யாரு? நம்மள ஏன் அடிக்கிறாங்க?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த காம்பெய்னில் தெரியும் என்றுதான் சொல்ல நினைத்தேன். அவனுக்கு அந்த அடுத்தது கிடைக்க இரண்டு வருடம் ஆகுமே!

முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை கடாரம் என்பது வென்று முடிக்க வேண்டிய ஓர் ஊர், அதற்கு மேல் எதுவும் இல்லை. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன் நான். இங்கிருந்துகொண்டு அப்படி ஒரு கேமைத் தமிழில் செய்து விற்க எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் வாங்குபவர்களாக என்ன நினைக்கிறீர்கள்? முன்பு இப்படிப் பிரித்து விற்றவற்றை வாங்கிய அனுபவம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பழைய டெரன்:

தம்பி, இந்தக் கேள்விக்குப் பெரிய உதாரணம் ஸ்டார்கிராஃப்ட் என்ற விண்வெளிப் போர் வியூக கேம்தான். 1998இல் வந்த முதல் பாகத்தில் டெரன் (மனிதர்), ஸெர்க், புரோட்டாஸ் (இரண்டும் வேற்றுலக இனங்கள்) மூன்றுக்கும் பத்துப் பத்து மிஷன், ஒரே பெட்டி. நீங்கள் சொல்லும் விஷயம் அதில் அப்படியே நடக்கும். முதலில் வரும் டெரன் காம்பெய்னில் கெரிகன் என்ற வீராங்கனை நம் ஆள். கடைசியில் அவளைக் கைவிட்டுவிட்டுக் கப்பல்கள் போய்விடும். அடுத்த காம்பெய்னைத் திறந்தால் நாம் ஸெர்க், ஒரு கூட்டுப்புழுவைக் காத்துக்கொண்டிருப்போம். அதை உடைத்துக்கொண்டு வருவது அவள்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே இரண்டரை வருடம் இடைவெளி இருந்திருந்தால் அந்த அதிர்ச்சி பாதியாகக் குறைந்திருக்கும்.

ஸ்டார்கிராஃப்டின் இரண்டாம் பாகத்தை மூன்றாகப் பிரிக்கப்போவதாக அதைச் செய்த பிளிஸார்ட் நிறுவனத்தார் 2008 அக்டோபரில் அறிவித்தார்கள். கதை பெருத்துவிட்டது, ஒன்று சுருக்க வேண்டும், இல்லையென்றால் தள்ளிப்போட வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். விங்ஸ் ஆஃப் லிபர்ட்டி 2010 ஜூலை, ஹார்ட் ஆஃப் தி ஸ்வார்ம் 2013 மார்ச், லெகசி ஆஃப் தி வாய்ட் 2015 நவம்பர். அமெரிக்க விலையில் முதலாவது 60 டாலர், மற்ற இரண்டும் தலா 40. அறிவிப்பு வந்தபோது மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து முழு விலை வாங்குகிறார்கள் என்று பலர் கொதித்தார்கள். விளையாடிய பிறகு நான் அப்படிச் சொல்லமாட்டேன். முதலாவதில் மட்டுமே 29 மிஷன். தவிர, பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயரில் முதல் நாளிலிருந்தே மூன்று இனங்களும் இருந்தன. பூட்டி வைத்தது காம்பெய்னைத்தான்.

எனக்குப் பிரிந்துபோனது வேறு. 2010இல் நாங்கள் நான்கு பேர் ஒன்றாக ஆடினோம். அடுத்த வருடம் ஒருவர் பின் ஒருவராகத் தேசிய சேவைக்காகத் தெக்கோங் ராணுவ முகாமுக்குப் போய்விட்டோம். 2013இல் இரண்டாவது வந்தபோது இரண்டு பேர்தான் வாங்கினோம். ஒருவனுக்குக் கல்லூரிக் கட்டணம், இன்னொருவனுக்கு ஆர்வம் போய்விட்டது. புதியதற்கும் பழையதற்கும் லேடர் எனும் தரவரிசைப் போட்டி தனித்தனி. குழுவில் ஒருவரிடம் புதியது இருந்தால் மற்றவர்களும் சேர்ந்து ஆடலாம் என்ற வசதி பின்னால்தான் வந்தது. அதற்குள் எங்கள் நால்வரின் வெள்ளிக்கிழமை இரவு கலைந்துபோயிருந்தது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, அந்த வயது அப்படி. ஆனால் காம்பெய்னை எத்தனை துண்டாக விற்றாலும், நண்பர்கள் சேர்ந்து ஆடும் பகுதியை மட்டும் துண்டு போடாதீர்கள்.

தெம்பனிஸ் மீனா:

நான் கணக்கு வேலை பார்ப்பவள், பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்று பாகம் என்று அறிவித்த நிமிடத்திலேயே நீங்கள் கடன்காரர் ஆகிவிடுகிறீர்கள். ஹாஃப் லைஃப் 2 என்ற கேமின் தொடர்ச்சியாக எபிசோட் ஒன்று 2006இல் வந்தது, இரண்டு 2007இல் வந்தது. மூன்றாவது வரவேயில்லை, இன்றும் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலைமை. உங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக் குழந்தை பிறந்தாலோ, ஒருவர் வேலை மாறினாலோ என்ன ஆகும்? முதல் பாகம் தனியாகவே முடிவுள்ள கதையாக இருக்க வேண்டும். அட்டையில் "பாகம் ஒன்று" என்று போடவே போடாதீர்கள்.

இன்னொன்று. இரண்டாவதை வாங்க முதலாவது கட்டாயம் என்று வைத்தால் புதிதாக வருபவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். ஹார்ட் ஆஃப் தி ஸ்வார்முக்கு முதல் பாகம் தேவைப்பட்டது. லெகசி தனியாகவே ஓடியது. அதற்காக டான் ஆஃப் வார் என்ற கேமின் வழியிலும் போகாதீர்கள். அதன் டார்க் குருசேட் என்ற பாகம் தனியாக ஓடும், ஆனால் அதை மட்டும் வைத்திருப்பவர் மல்டிபிளேயரில் புதிய இரண்டு படைகளை மட்டும்தான் எடுக்க முடியும். டோட்டல் வார்: வார்ஹாமர் என்ற கேம் வரிசை செய்தது எனக்குப் பிடித்திருந்தது. 2016, 2017, 2022 என்று மூன்று முழு கேம்கள். முதல் இரண்டையும் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு நிலப்பரப்பையும் சேர்த்த பெரிய வரைபடம் இலவசம். பழையதை வாங்கிய பணம் வீணாகவில்லை என்ற நிம்மதி அதில் இருந்தது.

சுங்கைக்கரை:

அண்ணன், மீனா அக்கா, இருவருக்கும் நன்றி. மல்டிபிளேயரில் மூன்று தரப்பையும் எல்லாருக்கும் திறந்துவிடுவது என்று நேற்றே முடிவு செய்துவிட்டோம். இருவரில் ஒருவரிடம் கேம் இருந்தால் போதும், மற்றவர் இலவசமாகச் சேரலாம். புரோகிராம் நண்பரும் தலையாட்டிவிட்டார். அட்டையில் எண் போடுவதில்லை என்பதும் சரி.

ஆனால் என் அக்கா மகனுடைய கேள்வி அப்படியேதான் நிற்கிறது. படகுக்காரர்கள் யார் என்று தெரியாமலேயே ஒருவர் 14 மிஷனை முடித்துவிடுவார்.

பழைய டெரன்:

அதற்கும் விங்ஸ் ஆஃப் லிபர்ட்டியில் ஒரு வழி இருக்கிறது, முதல் தடவையே சொல்லியிருக்க வேண்டும். அது டெரன் காம்பெய்ன்தான். ஆனால் நடுவில் ஸெராட்டுல் என்ற புரோட்டாஸ் வீரன் நம் கப்பலுக்கு வந்து ஒரு படிகத்தைக் கொடுத்துவிட்டுப் போவான். அதைத் திறந்தால் அவனுடைய நினைவுகள், நான்கு புரோட்டாஸ் மிஷன்களாக விரியும். நாலாவதில் ஜெயிக்கவே முடியாது. எதிரி வந்துகொண்டே இருப்பான், கடைசி ஆள் விழும்வரை எத்தனை பேரைச் சாய்க்கிறோம் என்பதுதான் கணக்கு. புரோட்டாஸ் காம்பெய்ன் வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது, ஆனாலும் அந்த நாலு மிஷனிலேயே அவர்கள் யார், எதற்காகப் பயப்படுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

உங்களிடம்தான் கடல்மக்கள் மிஷன் மூன்று தயாராக இருக்கிறதே. சோழர் கதைக்கு நடுவில் வைத்துவிடுங்கள்.

தெம்பனிஸ் மீனா:

இதை நானும் ஆமோதிக்கிறேன். செலவும் அதிகம் இல்லை. பின்னால் அவர்கள் காம்பெய்ன் தனியாக வரும்போது அந்த மூன்றையே திரும்ப வைக்காமல் புதிதாகக் கொடுங்கள், அது முக்கியம்.

சுங்கைக்கரை:

அண்ணன், நீங்கள் எழுதியதை ராத்திரி பதினொன்றரைக்குப் படித்துவிட்டு ஓவியரை எழுப்பிவிட்டேன். ஒன்பதாவது மிஷன் முடிந்ததும் சேற்றில் சிக்கிய ஒரு படகிலிருந்து ஒரு கிழவியைச் சோழர் கப்பலில் ஏற்றுவார்கள். வழிகாட்டச் சொல்லிக் கேட்பார்கள். அவள் வாய் திறக்கமாட்டாள். அங்கே திரை மாறும், மறுபடி அதே முகத்துவாரம், இப்போது ஓதம் ஏறிக்கொண்டிருக்கும், நாம் அவள் படகில் இருப்போம். மூன்று மிஷன். அதன் பிறகுதான் பத்தாவது.

விலை 15 வெள்ளி என்று வைத்திருக்கிறோம். ஸ்ரீவிஜயம் எப்போது வரும் என்று எங்கேயும் அறிவிக்கப்போவதில்லை. கிழவியின் குரலுக்கு ஆள் தேடுகிறோம். பழைய பேச்சு மலாய் நன்றாகப் பேசும் பாட்டிமார் யாராவது உங்கள் புளோக்கில் இருந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள். சனிக்கிழமை அக்கா மகன் மறுபடி வருகிறான். அதற்குள் அந்த மூன்று மிஷன்களையும் கோத்துவிடப் பார்க்கிறேன்.