கண்ணாடிக் குழாய் ஊதியவரைப் பற்றித் தகவல் வேண்டும்

நண்பர்களே, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களைப் பற்றிப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். அங்கே அவருடன் ஆய்வு செய்த கைகர், மார்ஸ்டன் பற்றி வேண்டிய மட்டும் கிடைக்கிறது. நான் தேடுவது கண்ணாடிக் கலைஞர் ஓட்டோ பவும்பாக்கை. கதிரியக்கப் பொருள்கள் உமிழும் ஆல்பா துகள் ஹீலியம்தான் என்று 1909இல் வெளியான சோதனைக்குக் குழாய் ஊதித் தந்தவர். குழாய்ச் சுவரின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆல்பா துகள் ஊடுருவ வேண்டும், உள்ளே அடைத்த கதிரியக்க வாயு கசியக் கூடாது, காற்றழுத்தத்தில் நொறுங்கவும் கூடாது! அது இல்லாமல் பேராசிரியர் என்ன செய்திருப்பாராம்?

ஆய்வகப் பொறுப்பாளர் வில்லியம் கே பற்றியும் தெரிந்தால் நல்லது. புகைப்படம், நூல், நினைவுக் குறிப்பு எதுவானாலும் சொல்லுங்கள். விக்கிப்பீடியா மட்டும் வேண்டாம், பார்த்தாயிற்று. மாத இறுதிக்குள் கட்டுரையைக் கொடுக்க வேண்டும்.