சாதாரண தரம் முடிக்கும் மாணவரை லேத் வேலைக்கு எப்படி ஆயத்தப்படுத்துவது?

வலிகாமத்து ஆசிரியர்:
வணக்கம். பத்தாம், பதினோராம் தரங்களுக்குத் தொழினுட்பப் பாடம் கற்பிக்கிறேன். வீட்டில் தண்ணீர்ப் பம்பையும் லான்ட்மாஸ்டரையும் தாங்களே கழற்றிப் பூட்டும் மூன்று மாணவர்கள் லேத் (இரும்புத் தண்டைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்), வெல்டிங் வேலை பழக விரும்புகிறார்கள். ஆனால், "உயர்தரம் படியாத பிள்ளைக்கு ஆர் பெண் குடுப்பினம்?" என்று ஒருவரின் தகப்பனார் என் முகத்துக்கு நேரே கேட்டார். என்னிடம் இருக்கும் இரண்டு வருடத்தில் எதைச் சொல்லிக் கொடுக்கலாம்? பிறகு எங்கே அனுப்பலாம்?

கோண்டாவில் பட்டறைக்காரர்:
ஆசிரியர் அவர்களே, மெசின் ஓட்டுவதை நாங்கள் பழக்கிக்கொள்வோம். நீங்கள் அளக்கப் பழக்குங்கள். போன வருடம் சான்றிதழோடு வந்த ஒரு தம்பியிடம், 25 மி.மீ. உள்துளை கொண்ட 6205 பெயரிங் ஏற்றுவதற்காக ஒரு பம்புத் தண்டை 25 மி.மீ. விட்டத்துக்குக் கடையக் கொடுத்தேன். 25.40 இருந்தது. குறைக்க வேண்டியது 0.40 என்று சரியாகக் கணக்கிட்டவர், வெட்டும் உளியை நகர்த்தும் டயலிலும் 0.40 உள்ளே தள்ளிவிட்டார். என்னுடைய லேத்தின் டயல் ஆரையைக் காட்டுவது; ஆகவே விட்டத்தில் 0.80 போய், தண்டு 24.60 ஆகி, பெயரிங் அதில் கலகலவென்று ஆடியது. ஆரைக்கும் விட்டத்துக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரியாததல்ல, கையில் வரவில்லை, அவ்வளவுதான். வேணியர் இடுக்கிமானியையும் நுண்மானியையும் வைத்துத் தினமும் பத்துப் பொருள்களை அளக்கவிட்டு, பெறுமானத்தை எழுதச் செய்யுங்கள். வரைபடம் வாசிக்கவும் வேண்டும். சான்றிதழை நான் பார்ப்பதேயில்லை.

தொழிற்பயிற்சிப் போதனாசிரியர்:
அளவீடு பற்றி அண்ணா சொன்னதை ஏற்கிறேன், சான்றிதழ் பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது. தேசிய தொழிற்தகைமையில் மொத்தம் 7 மட்டங்கள் உள்ளன. 4ஆம் மட்டம் வரை தொழிற்சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். கொழும்புத் தொழிற்சாலையோ வெளிநாட்டு நிறுவனமோ முதலில் கேட்பது அதைத்தான். பட்டறையிலேயே பழகியவர்களும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றி அதைப் பெறலாம் என்பதால், அண்ணாவின் பட்டறைத் தம்பிகளும் தாராளமாக விண்ணப்பிக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்துக்கும் யாழ்ப்பாணத் தொழினுட்பக் கல்லூரிக்கும் மாணவரை ஒருமுறை நேரில் கூட்டிச் செல்லுங்கள்.

கணிதத்தையும் வேலையோடு சேர்த்தே கொடுங்கள். 40 மி.மீ. மெல்லுருக்குத் தண்டை நிமிடத்துக்கு 30 மீற்றர் வெட்டு வேகத்தில் கடைய எத்தனை சுற்று வேண்டும் என்று கேட்டால், 30 மீற்றரை 30,000 மி.மீ. ஆக்கி, தண்டின் பரிதியால் வகுத்து ஏறக்குறைய 240 என்று சொல்ல வேண்டும். இன்னொன்று: சுழலும் லேத்தின் அருகே கையுறையோ நீளக்கையோ கூடாது, கோயிலில் கட்டிய நூலையும் கழற்றிவிட்டுத்தான் நிற்க வேண்டும். இதில் பிள்ளைகள் கோபித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காங்கேசன்துறை ஓய்வூதியர்:
1990 இல் நின்றுபோகும் வரை சீமெந்து ஆலையின் பட்டறையில் இருந்தவன் நான். அந்த நாளில் எங்கள் பகுதியில் ஆலை உத்தியோகத்துக்குப் பெண் கொடுக்கத் தயங்கியவர்கள் இல்லை. தகப்பனார் பயப்படுவது வேலைக்கல்ல, நிரந்தரமின்மைக்கு. அவரை ஒரு சனிக்கிழமை கோண்டாவில் பட்டறைக்கு அழைத்துப் போய், அங்குள்ளவர்கள் மாதம் என்ன உழைக்கிறார்கள் என்று அவரையே விசாரிக்கவிடுங்கள்.

வலிகாமத்து ஆசிரியர்:
மூவருக்கும் நன்றி. எங்கள் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கிமானி நான்கு பூட்டிக் கிடக்கிறது; திங்கட்கிழமை அதிபரிடம் திறப்புக் கேட்கப் போகிறேன். கோண்டாவில் அண்ணா, அந்த 24.60 தண்டை இன்னும் எறியாமல் வைத்திருந்தால் வகுப்புக்குத் தருவீர்களா?