சாண்டர் ரிப்பேர் என்று வந்தவர்கள்

காட்பாடியில் பவர் டூல் ரிப்பேர் பார்க்கிறேன். வேலூர், குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து வருகிற, மரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் சாண்டர் மெஷின்களில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும்: "மரத்துல ஒட்டிக்கினு நகர மாட்டேங்குது." திறந்து பார்த்தால் ஆர்மேச்சர், கார்பன் பிரஷ், பேரிங் எல்லாம் நன்றாகவே இருக்கும். அதனால் இப்போதெல்லாம் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்: "புதுசா டஸ்ட் எக்ஸ்ட்ராக்டர் வாங்கினீங்களா?" மெஷினோடு ஹோஸ் மாட்டித் தூளை இழுக்கிற வேக்யூம் அது.

குடியாத்தத்து ஆசாரி ஒருவர் மெஷினோடு ஒரு தேக்குத் துண்டையும் எடுத்து வந்திருந்தார். பாலிஷுக்கு அடிப்பூச்சாகச் சீலர் அடித்த துண்டு. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கடை வாசல் வெயிலில் சாய்த்துப் பிடித்ததும், பூச்சி ஊர்ந்த தடம் போலச் சுருள் சுருளாகக் கீறல்கள். "கதவு முழுக்க இப்படித்தான் இருக்குது நைனா, பார்ட்டி பணத்தை நிறுத்தி வெச்சிட்டாரு" என்றார்.

ரேண்டம் ஆர்பிட்டல் என்கிற இந்த வகை சாண்டரில், உப்புத்தாள் ஒட்டுகிற பேட் சின்ன வட்டத்தில் வேகமாகத் துடிக்கும், கூடவே தானும் மெதுவாகச் சுழலும். இரண்டும் சேர்ந்தால்தான் கீறல் ஒரே தடத்தில் விழாது. எக்ஸ்ட்ராக்டரை முழு வேகத்தில் வைத்தால் பேட்டின் ஓட்டைகள் வழியாக வருகிற இழுவை பேட்டையே மரத்தோடு அமுக்கிவிடும். சுழற்சி நின்று துடிப்பு மட்டும் மிஞ்சும். ஆசாரியிடம் இதை வாயால் சொல்லவில்லை. பேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பலகைமேல் ஓட விட்டேன். முழு சக்‌ஷனில் கோடு இருந்த இடத்திலேயே நின்றது. எக்ஸ்ட்ராக்டரின் இழுவை டயலைப் பாதிக்குக் குறைத்ததும் கோடு மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. "அட, இவ்ளோதானா!" என்று சாண்டரை என் கையிலிருந்து வாங்கி அவரே ஓட்டிப் பார்த்தார்.

அதற்காக ஹோஸைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வதும் சரியில்லை. தூள் உப்புத்தாளுக்கு அடியில் தங்கி உருண்டு, அதே சுருள் கீறலைப் போடும். தாளின் ஓட்டையும் பேட்டின் ஓட்டையும் நேராக இல்லாவிட்டாலும் இதே கதைதான். தவிர, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்கிறவர்களோடு நான் வாதாடிக் களைத்துவிட்டேன்.

சத்துவாச்சாரியில் மாடுலர் கிச்சன் செய்கிற ஒரு தம்பியின் வேக்யூமில் டயலே கிடையாது. ஆனால் ஹோஸ் பிடியில் தள்ளித் திறக்கிற சின்ன ஜன்னல் இருந்தது. அதைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், பேட்டின் மேல் பிடி தளரும். என்னைக் கேட்டால் டயலைக் குறைப்பதைவிட இதுவே மேல். ஹோஸுக்குள் காற்றின் வேகம் குறையாததால் தூள் நடுவழியில் படியாது.

மரத்தை இழைக்கிற பிளேனரின் கதை நேர்மாறு. ராணிப்பேட்டையில் வேங்கை நிலைப்படி இழைக்கிற பட்டறையில் டயல் முழுசாகத் திறந்திருந்தும் ஹோஸ் அடிக்கடி அடைத்துக்கொண்டது. 27 மில்லிமீட்டர் ஹோஸில் அத்தனை சீவலும் போகச் சொன்னால் எங்கே போகும்? 36 மில்லிமீட்டர் ஹோஸை மாட்டினால் உள்வழி ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு. அடைப்பு விழுவதை அங்கிருந்த பையன் பார்க்காமலே சொல்லிவிடுவான். காற்று போக வழியில்லாதபோது எக்ஸ்ட்ராக்டர் மோட்டாரின் வேகம் கூடி, சத்தம் கீச்சென்று ஏறும். மரத்தில் பள்ளம் எடுக்கிற ரூட்டருக்கும் வட்ட ரம்பமான சர்க்குலர் சாவுக்கும் முழு சக்‌ஷன்தான். ஜிக்சாவில் வினீர் என்கிற மெல்லிய மரத்தாளை அறுக்கும்போது மட்டும் கொஞ்சம் குறைத்தால் தாள் மேலே தூக்காது.

மரத்தூள் போன்ற தீங்கான தூளுக்கென்று தரம் குறித்த எம் கிளாஸ் எக்ஸ்ட்ராக்டர் வாங்கியவர்களுக்கு இன்னொரு குழப்பம். அதில் இரண்டு டயல் இருக்கும். 27, 36 என்று எண் போட்டிருப்பது சக்‌ஷன் அல்ல. எந்த ஹோஸ் மாட்டியிருக்கிறோம் என்று மெஷினுக்குச் சொல்வதற்கானது. ஹோஸில் காற்றின் வேகம் விநாடிக்கு 20 மீட்டருக்குக் கீழே இறங்கினால் பஸ்ஸர் கத்தும். தப்பான எண்ணில் வைத்துவிட்டு "மெஷின் சும்மா கத்துது" என்று தூக்கி வருகிறார்கள். சாண்டருக்காக சக்‌ஷனைக் குறைக்கும்போதும் அது கத்தலாம். அப்போது டயலைக் கொஞ்சம் ஏற்றி ஜன்னலைத் திறப்பது நல்லது.

எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அறுக்கிறவர்கள் காலையில் வைத்த டயலை மாலைவரை நம்பக்கூடாது. அந்தத் தூள் மாவாக ஃபில்டரில் அப்பிக்கொள்ளும், இழுவை தானாக இறங்கும். நடுவில், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கிற சைக்ளோன் டப்பா ஒன்று வைத்தால் பெரும்பகுதி அதிலேயே விழுந்துவிடும்.

அப்புறம் நம்ம ஊர் கத்திரி வெயில். காற்று காய்ந்து கிடக்கிற மே மாதத்தில் சாதாரண பிளாஸ்டிக் ஹோஸைப் பிடித்தால் முழங்கைவரை சுரீர் என்று அடிக்கும். ஆன்டிஸ்டாட்டிக் ஹோஸ் கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனால் அது வேலை செய்ய எர்த் வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு ஷாக் அடிக்கிறது என்று வந்தவரை நான் முதலில் பிளக்கை மாற்றத்தான் அனுப்பினேன். மாற்றும்போதே 16 ஆம்பியர் பாயின்ட்டாகப் போடச் சொன்னேன். 1200 வாட் எக்ஸ்ட்ராக்டரும் அதன் தலையில் இருக்கிற சாக்கெட்டிலேயே மாட்டிய ரூட்டரும் சேர்ந்தால் 6 ஆம்பியர் பாயின்ட் தாங்காது. அதன் வரம்பே சுமார் 1380 வாட்தான்.