மைக்கல் கரிக் உண்மையிலயே அவ்வளவு பெரிய ஆளா? கோச் அவரப் பாக்கச் சொல்றார்

உவர்மலை_நம்பர்6:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, ஸ்கூல் ஃபுட்போல் டீமில அண்டர் 19 விளையாடுறன். போன வருசம் வரைக்கும் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால நிண்டு விளையாடினனான், கோலும் அடிச்சனான். இப்ப புதுசா வந்த கோச் என்னப் பின்னுக்கு இழுத்து டிஃபென்சுக்கு முன்னால விட்டிருக்கார். ஏன் சேர் எண்டு கேட்டா "போய் மைக்கல் கரிக்கப் பார், பாத்திட்டு வந்து கதை" எண்டு ஒரே வசனம், அவ்வளவுதான்.

சரியெண்டு யூரியூப்பில தேடிப் பாத்தன். சத்தியமா எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. பக்கத்தில நிக்கிறவனுக்கு ஒரு பாஸ், பிறகு மற்றப் பக்கத்தில நிக்கிறவனுக்கு ஒரு பாஸ், பெரிய ஓட்டம் இல்ல, விழுந்து டக்கிள் போடுறதும் இல்ல, ஆள வெட்டிக்கொண்டு போறதும் இல்ல. மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு நடுவில நிண்டு 464 மட்ச் விளையாடி 24 கோல். இங்கிலாந்துக்கு வெறும் 34 மட்ச். அதே காலத்து மிட்ஃபீல்டர்மார் ஜெராட் 114, லம்பார்ட் 106. அப்ப இவர்ல என்னத்த நான் பாக்கிறது? கோச் என்ன மெல்லமா ஓரங்கட்டுறாரோ எண்டும் ஒரு யோசனை ஓடுது. தெரிஞ்ச அண்ணாமார் கொஞ்சம் சொல்லுங்கோ, எந்த மட்ச்சப் பாக்கிறது எண்டும் சொன்னா நல்லம்.

கடல்முகம்_ரெட்:

தம்பி முதல்ல அந்த வீடியோவ மூடுங்கோ. கரிக்க ஹைலைட்ஸ்ல தேடுறது வீண் வேலை. போல் அவர்ட காலுக்கு வர முந்தியே அவர்ட வேலை பாதி முடிஞ்சிரும், அந்த நேரம் கேமரா வேற ஆரையோ காட்டிக்கொண்டு நிக்கும்.

உங்கட கேசும் அவர்ட கேசும் ஒண்டுதான், அதையும் சொல்லுறன். ஆள் 1981ல நியூகாசிலுக்குப் பக்கத்தில இருக்கிற வோல்சென்ட்ல பிறந்தவர், அங்க வோல்சென்ட் போய்ஸ் கிளப் எண்டு ஒண்டிருக்கு, அலன் ஷியரர், பியர்ட்ஸ்லி எல்லாம் அதுக்குள்ளால வந்த ஆக்கள். அங்க கரிக் சின்னனில ஸ்ட்ரைக்கர்! பிறகுதான் பின்னுக்கு வந்தது. அங்க இருந்து வெஸ்ட் ஹாம் அகடமி, 1999ல ஜோ கோலோட சேந்து எஃப்ஏ யூத் கப் எடுத்தவை, ஃபைனல்ல ரெண்டு மட்ச்சும் சேத்து கொவென்ட்ரிய 9-0. அந்த டீமப் பாத்து எல்லாரும் ஜோ கோல் ஜோ கோல் எண்டுதான் கத்தினவை, பக்கத்தில நிண்ட இந்த நெட்டையன ஒருத்தரும் பெருசா கணக்கெடுக்கேல்ல.

2003ல வெஸ்ட் ஹாம் 42 பொயின்ட்ஸ் எடுத்தும் கீழ் லீக்குக்கு இறங்கினது, 42 எடுத்து இறங்கிறதெண்டா எவ்வளவு கரைச்சல் பிடிச்ச கதை எண்டு யோசியுங்கோ. ஜோ கோல் செல்சிக்குப் போயிட்டார், இவர் ஒரு சீசன் கீழ் லீக்கிலயே நிண்டு விளையாடினவர். 2004ல டொட்டன்ஹாம் எடுத்தவை, அங்கயும் முதல்ல இருந்த கோச் சன்டினி இவர வெளியிலதான் இருத்தி வச்சவர், மார்ட்டின் யோல் வந்தாப் பிறகுதான் ஒழுங்கா விளையாட விட்டது. 2006 மே, லீக்கின்ட கடைசி நாள், நாலாமிடத்துக்கு வெல்லோணும், முதல் நாள் ராத்திரி டீம் ஆக்களுக்கு வயித்தால போய் சத்தியெடுத்து, கரிக்குக்குத்தான் மோசம், அப்பிடியே போய் விளையாடி வெஸ்ட் ஹாமிட்ட 2-1 தோத்தவங்கள். நாலாமிடம் ஆர்சனலுக்குப் போயிட்டுது. பழைய கிளப்பிட்டயே!

அதுக்குப் பிறகுதான் யுனைட்டட். போனஸ் எல்லாம் சேத்தா 18.6 மில்லியன் பவுண்ட்ஸ் வரைக்கும் போற டீல், அந்த நேரம் எங்கட யுனைட்டட் ஆக்களே இவருக்கு இவ்வளவு காசா எண்டு சிரிச்சவை. அதுக்கு மேலால பழைய கப்டன் ரோய் கீன்ட 16ம் நம்பர் ஜேர்சியக் குடுத்திட்டாங்கள். கீன் எண்டா கத்துவார், மற்றவன்ட காலப் பிடுங்குவார், சொந்த ஆக்களயே பேசுவார். இவர் வாயே திறக்க மாட்டார். ஆனா நடந்தத பாருங்கோ, 2003க்குப் பிறகு மூண்டு வருசமா லீக் எடுக்காத டீம், இவர் வந்த முதல் சீசனே லீக் எடுத்தது. 2007, 2008, 2009, 2011, 2013, கோச் ஃபேர்கசன் போகும் வரைக்கும் ஏழு சீசனில அஞ்சு லீக். எல்லாம் கரிக்காலதான் எண்டு நான் சொல்ல வரேல்ல, ஆனா அஞ்சிலயும் நடுவில நிண்டது அவர்.

24 கோல் எண்டு சொல்லுறீங்க, அதில ரெண்டு 2007 ஏப்ரல்ல ரோமாவ 7-1 அடிச்ச மட்ச்ல வந்தது, முதல் கோலே அவர்ட. 2008 மொஸ்கோவில நடந்த சம்பியன்ஸ் லீக் ஃபைனல் எங்கட நேரம் நடுச்சாமம் 12.15க்குத் தொடங்கி பெனால்டி வரைக்கும் போனது, வீட்டில எல்லாரும் படுக்க சத்தத்தக் குறைச்சுப்போட்டு இருந்து பாத்தனாங்கள். யுனைட்டட்டுக்கு ரெண்டாவது பெனால்டி கரிக். நடந்து வந்தார், அடிச்சார், திரும்பிப் போனார். அடுத்ததா வந்த ரொனால்டோ விட்டுட்டார், ஞாபகம் இருக்கோ?

கொப்_திருமலை:

ரெட் அண்ணனுக்கு கரிக் எண்டா கண்ணுக்குத் தண்ணி வந்திரும் 😂

தம்பி, நான் லிவர்பூல், அத முதலே சொல்லிப்போட்டுக் கதைக்கிறன். பின்னால வாண்டசார், ஃபேர்டினன்ட், விடிச், பக்கத்தில ஸ்கோல்ஸ், முன்னால ரூனி, ரொனால்டோ, டெவேஸ். இப்பிடி ஒரு டீமில நடுவில நிண்டு பக்கத்துக்கு பாஸ் குடுக்கிறதுக்கு எங்கட ஒழுங்கையில இருந்தும் ஆள் எடுக்கலாம். ஜெராட்ட பாருங்கோ, 2005 இஸ்தான்புல் சம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ஹாஃப் டைமுக்கு 3-0 பின்னுக்கு நிண்ட டீம், ஆள் முதல் கோல தலையால போட்டு கைய ஆட்டி ஆட்டி எல்லாரையும் எழுப்பிக் கொண்டுவந்தது. கரிக்கிட்ட அப்பிடி ஒரு ராத்திரி இருக்கா? இருக்கிறது பார்சலோனாட்ட தோத்த 2009 ரோம் ஃபைனலும் 2011 வெம்ப்ளி ஃபைனலும்தான். ரெண்டிலயும் சாவி, இனியெஸ்டா, புஸ்கெட்ஸ் மூண்டு பேரும் போலக் காட்டவே இல்ல. 2-0, 3-1. பெரிய மிட்ஃபீல்டர் எண்டா அங்கதான் காட்டோணும்.

34 மட்ச் எண்டது சும்மா வந்த கணக்கில்ல. எரிக்சன், மெக்ளாரன், கபெல்லோ, ஹொட்ஜ்சன் எண்டு மாறி மாறி வந்த கோச்மார் எல்லாருமா பிழை?

கிண்ணியா_நானா:

எல்லாருமா பிழை எண்டு கேட்டா ஓம் எண்டுதான் நான் சொல்லுவன் மச்சான் 😄

2006 வேர்ல்ட் கப், எக்குவடோர் மட்ச். கரிக்க டிஃபென்சுக்கு முன்னால விட்டு ஹார்கிரீவ்ஸ ரைட் பெக்ல போட்டாங்க, பெக்காம்ட ஃப்ரீ கிக்ல 1-0 வெண்டாங்க. பெரிய அழகான மட்ச் இல்ல, ஆனா போல் ஒழுங்கா சுத்தினது. அடுத்த மட்ச் போர்த்துக்கல், கரிக்க பெஞ்சில போட்டாங்க, பெனால்டில வெளிய. அந்த வேர்ல்ட் கப்ல அவருக்குக் கிடைச்சது அந்த ஒரு மட்ச்தான். 2010ல கூட்டிக்கொண்டு போய் ஒரு நிமிசம் கூட விடல்ல. 2012 யூரோவுக்கு முந்தி, சும்மா ஆள் கணக்குக்கு என்னக் கூப்பிட வேணாம் எண்டு அவரே சொல்லிப்போட்டார். அந்த யூரோவில கியேவ்ல இத்தாலியோட என்ன நடந்த எண்டு பாத்தீங்களா? பிர்லோ எண்ட ஒரு மனுசன் நடந்து நடந்து போல் பிரிச்சுக் குடுத்தான், உங்கட ஜெராட்டும் பார்க்கரும் நாய்க்கு வெயில் பட்ட மாதிரி அவனுக்குப் பின்னால ஓடினாங்க. 0-0, திரும்பவும் பெனால்டி, திரும்பவும் வெளிய. இத்தாலிக்காரன் பிர்லோவ சுத்தித்தான் டீம் கட்டினான், இங்கிலாந்துக்காரன் அப்பிடி ஒருத்தன வீட்டில விட்டுப்போட்டு வந்தான். அவங்களுக்கு எப்பவும் ஜெராட், லம்பார்ட் ரெண்டு பேரயும் எப்பிடியாவது உள்ளுக்குத் திணிக்கணும், ரெண்டு பேருமே முன்னுக்குப் போற ஆக்கள், நடுவில ஓட்டை. அந்த ஓட்டைய அடைக்கிற ஆள் பெஞ்சில.

சரி தம்பி, உங்கட விசயத்துக்கு வாறன். நான் இஞ்ச கிண்ணியாவில சின்னப் பொடியனுகளுக்கு பிரக்டிஸ் குடுக்கிறன். முழு மட்ச் ஒண்ட எடுங்க, அதில போலப் பாக்காதீங்க, கரிக்க மட்டும் பாருங்க. போல் சென்டர் பெக்கிட்ட இரிக்கிற நேரம் இந்த ஆள்ட தலை எத்தின தரம் திரும்புது எண்டு பாருங்க. இடது தோளுக்கு மேலால ஒண்டு, வலது தோளுக்கு மேலால ஒண்டு, திரும்ப இடது. பொறகு உடம்பப் பாதி திருப்பி, அவங்கட கோல் பக்கம் பாத்தாப்போல நிண்டு போல எடுப்பார். எங்கட பொடியனுகள் என்ன செய்ற? சொந்த கோல்கீப்பரப் பாத்துக்கொண்டு நிண்டு போல எடுக்கிற, பின்னால ஆள் வந்து முட்டினாத்தான் ஆள் இரிக்கு எண்டு தெரியும். அப்ப போல் திரும்பிப் பின்னுக்குத்தான் போகும், வேற வழி இல்ல.

கரிக்ட பாஸ் மெதுவான பாஸ் எண்டு நினைக்காதீங்க. தரையோட, இறுக்கமா, எதிர் மிட்ஃபீல்ட்காரன் ரெண்டு பேருக்கு நடுவால நேரா ரூனிட காலுக்கு. ஒரே பாஸ்ல நாலு பேர் வெளிய. கிண்ணியாவிலயும் மக்கெய்சர் கிரவுண்டிலயும் நிலம் காஞ்சு கிடக்கிற நேரம் அந்த பாஸ் போடுறது லேசில்ல, போல் துள்ளும். கச்சான் காத்து அடிக்கிற காலத்தில மேலால தூக்கிப் போட்டா போல் எங்க போய் விழும் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், அதால நம்மட பக்கத்துக்கு இந்த தரையோட போற பாஸ்தான் சரி. ரெண்டு பேரோட நிண்டு பழகுங்க. பின்னால நிக்கிறவன் விரல் காட்டணும், நீங்க போல எடுக்க முந்தி எத்தின விரல் எண்டு சொல்லணும். சொல்லாட்டி பாக்கல்ல எண்டு அர்த்தம்.

உவர்மலை_நம்பர்6:

நானா இந்த விரல் விசயம் சூப்பர், நாளைக்கே செய்து பாக்கிறன். கொப் அண்ணா சொன்ன 2009 ஃபைனலயும் தேடிப் பாத்தன், முதல் பத்து நிமிசம் யுனைட்டட்தான் அடிச்சுக்கொண்டு நிண்டது, பிறகு எட்டோ கோல் அடிச்சாப்பிறகு முழுக்க மாறிட்டுது. எனக்கு இன்னொரு சந்தேகம், ஆள் ஸ்பீட் இல்லையே, டிஃபென்ட் பண்ணேக்க பிடிபட மாட்டாரா? எனக்கும் ஸ்பீட் குறைவு, அதாலதான் கேக்கிறன்.

கடல்முகம்_ரெட்:

ஸ்பீட் இல்லாட்டி முதலே அங்க போய் நிக்கோணும் தம்பி, அவ்வளவுதான் ரகசியம். கரிக்ட உடுப்பில சேறு காண்றது குறைவு. பாஸ் போற பாதையில கால நீட்டி எடுத்திருவார், விழுந்து டக்கிள் போடுற அளவுக்கு விசயம் போக விடமாட்டார். 2009 டிசம்பர்ல வொல்ஃப்ஸ்பேர்க்ல போய் விளையாடேக்க சென்டர் பெக் எல்லாரும் காயம், ஃபிளெச்சர், கரிக், எவ்ரா மூண்டு பேரயும் பின்னால விட்டு 3-1 வெண்டது, மைக்கல் ஓவன் ஹட்ரிக். ஸ்பீட் இல்லாத ஆள சென்டர் பெக்ல விட ஃபேர்கசன் என்ன விசரா?

கொப், 2009 பற்றி நீ லேசா சொல்லிப்போட்டுப் போயிட்டாய். அந்த முதல் கோலுக்கு முந்தி போல விட்டுக்குடுத்தது தான்தான் எண்டு கரிக் மனசுக்க வச்சுக்கொண்டே திரிஞ்சவர். ரெண்டு வருசம் மட்டில டிப்ரெஷன் மாதிரி இருந்தது எண்டு 2018ல வந்த தன்ட சுயசரிதையில சொல்லியிருக்கார். 2010 வேர்ல்ட் கப்புக்குப் போய் தென்னாபிரிக்காவில இருக்கேக்க வீட்டுக்குப் போனாப் போதும் எண்டு இருந்திருக்கு. ஆருக்கும் வாய் திறக்கேல்ல. அந்தக் காலத்தில நாங்கள் எல்லாம் இவர் ஏன் இப்ப பயந்து பயந்து பாஸ் குடுக்கிறார் எண்டு ரீவிக்கு முன்னால இருந்து திட்டிக்கொண்டு இருந்தது. அதில இருந்து எழும்பி வந்து 2012-13ல லீக் எடுத்த டீமில மற்ற பிளேயர்ஸ் எல்லாம் சேந்து குடுக்கிற அவார்ட்ட எடுத்தவர். வான் பேர்சி 26 லீக் கோல் அடிச்ச வருசம் அது! கூட விளையாடினவங்கள் வோட் போட்டது கரிக்குக்கு.

கொப்_திருமலை:

சரி சரி, அந்த டிப்ரெஷன் கதை எனக்குத் தெரியாது, அது பாவம்தான். ஆனாலும் ஜெராட்டுக்குப் பக்கத்தில வைக்க நான் விடமாட்டன், அதில மாற்றமில்ல.

கிண்ணியா_நானா:

பக்கத்தில வைக்க யாரும் சொல்லல்ல, அது வேற வேலை, இது வேற வேலை. கோலடிக்கிறவனத்தான் நமக்குக் கண்ணுக்குத் தெரியும், அதான் பிரச்சினை.

தம்பி, பாக்கிறதெண்டா 2018 மே 13, வொட்ஃபோர்ட் மட்ச்சையும் பாருங்க, அவர்ட கடைசி மட்ச். அதுக்கு முந்தின செப்டெம்பர்ல பேர்ட்டன் மட்ச்ல இதயத் துடிப்பு ஒழுங்கில்லாம போய் சின்ன ஒப்பரேஷன் ஒண்டும் செஞ்சவர், அந்த சீசன் பெருசா விளையாடவே இல்ல. 36 வயசு. அப்பிடியிருந்தும் அந்த மட்ச்ல வந்த ஒரே கோலப் பாருங்க. நடுவில இருந்து டிஃபென்ஸ் ஆக்கள்ட தலைக்கு மேலால மாட்டாவுக்கு ஒரு போல் போட்டார், மாட்டா ராஷ்ஃபோர்டுக்குத் தள்ளினார், கோல். கணக்கில கோல் ராஷ்ஃபோர்டுக்கு, அசிஸ்ட் மாட்டாவுக்கு. கரிக்ட பேர் எங்கயும் இல்ல. அந்த கோல மூண்டு நாலு தரம் பின்னுக்கு இழுத்து, போல் வர முந்தி அவர் எங்க பாக்கிறார் எண்டு மட்டும் பாருங்க.

உவர்மலை_நம்பர்6:

பாத்தன் நானா!! போல் வர முந்தியே மாட்டா ஓடத் தொடங்கிறத கண்டிட்டார். இத நான் முதல் பாத்த வீடியோவில போடவே இல்லையே. கோச்சிட்ட இதக் கதைச்சாச் சரி. ரெட் அண்ணா, அந்த ரோமா மட்ச் முழுசா பாக்கலாமா, ஏழு கோலும் மட்டும்தான் எனக்கு வருது.

கடல்முகம்_ரெட்:

என்ட ஹார்ட் டிஸ்க்ல கிடக்குது தம்பி, பென் டிரைவ் ஒண்டோட வாங்கோ. ரோமா மட்ச்ல கோலப் பாக்கிறத விட, முதல் அரை மணித்தியாலம் ரோமா மிட்ஃபீல்டர் டி ரொசி கரிக்குக்குக் கிட்ட வரலாமா வேண்டாமா எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறதப் பாருங்கோ.

கொப்_திருமலை:

பென் டிரைவ் குடுக்கேக்க இஸ்தான்புல்லயும் சேத்துப் போட்டுவிடுங்கோ அண்ணே, பெடியன் பாவம். தம்பி, ஞாயிறு பின்னேரம் டச் பே பீச்சுக்கு வாரும், நாங்கள் கொஞ்சப் பேர் விளையாடுறனாங்கள். பின்னால நிண்டு விரல் காட்டுறது நான். சொல்லாட்டி கால் போகும், சொல்லிப்போட்டன்.